போட்டுக் கொடுத்தவள்

"உண்மையைச் சொல்லு லோசா. போட்டுக் கொடுத்தது நீதானே?"

லேப்டாப் திரையில் மர்ரேயின் முகம் சிவந்திருந்தது. ஆக்லாந்தில் அவரும் மனைவி கிளெனிஸும் நடத்துகிற கம்பெனி அது. நாய், பூனை ஆஸ்பத்திரிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பார்கள். அந்த வேலையைத்தான் லோசலினி சில வருஷமாக ஃபிஜித் தீவின் சுவாவில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறாள்.

"சத்தியமா நான் புகார் எதுவும் கொடுக்கலை, மர்ரே."

"அப்புறம் உங்க ஊர் லேபர் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்? கான்ட்ராக்ட்னு பேர் வெச்சு முழு நேர வேலை வாங்கறோமாம். பி.எஃப். கட்டலையாம், லீவு கொடுக்கலையாம். எல்லாத்தையும் அபராதத்தோட கட்டணுமாம்! உன்னைக் குடும்பத்துல ஒருத்தியா நெனச்சோமே!"

குடும்பத்தில் ஒருத்திதான். காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தைப் பிடிக்கிற குடும்பம்.

பக்கத்தில் கிளெனிஸ் இறுகிப் போய் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான். சிரித்தால் செலவு என்று நினைக்கிற ரகம்.

"நாளைக்குக் காலைல வக்கீலைப் பாத்துட்டுக் கூப்பிடறோம்" என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

லோசலினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாசம். ஆக்லாந்துக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னதும் கான்ட்ராக்டை முடித்துவிட்டால்? கணவன் செமிக்கு ஓட்டல் வேலை போய்விட்டது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

"செமி, ஒருவேளை என் வாய்தான் காரணமோ? போன மாசம் சர்ச்சுல உன் சித்தப்பா பொண்ணு லிதியாகிட்ட, 'என்னை மாதிரி ஆளுக்குப் பிரசவ லீவெல்லாம் கிடைக்குமா'ன்னு கேட்டுத் தொலைச்சேன். அவ லேபர் ஆபீஸ்லதானே இருக்கா!"

"போச்சுடா! லிதியா காதுல போட்டா தீவோட அந்தக் கோடி லௌடோகா வரைக்கும் கேக்குமே!"

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? தப்பு நம்ம பக்கம். முறைப்படி மன்னிப்பு கேட்டுட வேண்டியதுதான்."

எங்கள் ஊரில் அதற்கொரு வழக்கம் உண்டு. தப்பு செய்த வீட்டுக்காரர்கள் யங்கோனா என்கிற செடியின் வேர்க்கட்டை முன்னால் வைத்துத் தலைகுனிய வேண்டும். எதிராளி அதைத் தொட்டுவிட்டால் பகை தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

மறுநாள் செமி நல்ல சட்டையும் சூலு வேட்டியுமாக, சந்தையில் வாங்கின வேர்க்கட்டோடு லேப்டாப் எதிரே பாய் விரித்து உட்கார்ந்தான்.

"கம்ப்யூட்டர் எப்படிய்யா தொடும்?" என்றாள் லோசலினி.

"தொட்டேன்னு வாயால சொன்னாப் போதும். நீ சும்மா இரு."

அழைப்பு வந்தது. செமி தலையைத் தரையளவு தாழ்த்தினான்.

"என் மனைவி வாய் தவறிப் பேசினது உங்களுக்குக் கெடுதலா முடிஞ்சுபோச்சு. மன்னிச்சு, தொட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லி இதை ஏத்துக்கணும்."

மர்ரே கண்ணைச் சுருக்கினார். "என்னது அது, விறகா?"

கிளெனிஸ் வெடுக்கென்று சொன்னாள். "அதை எடுத்து உள்ள வைங்க. நான் தொட மாட்டேன்."

செமியின் முகம் செத்துப்போனது. மன்னிப்பைத் திருப்பி அனுப்புவதைவிடப் பெரிய அவமானம் எங்களுக்குக் கிடையாது. வேலை போனதுதான் என்று லோசலினி முடிவே செய்துவிட்டாள்.

மர்ரே தொண்டையைக் கனைத்தார்.

"வேற வழியே இல்லைங்கறார் வக்கீல். அடுத்த மாசத்துலேருந்து சுவாவுல இருக்கற ஒரு கம்பெனி, எங்க சார்பா உன்னை ஊழியரா சேத்துக்கும். வரி, பி.எஃப். எல்லாம் பிடிச்சு, உங்க ஊர் சட்டப்படி சம்பளம் போடும். நீ இதுவரைக்கும் வேலை பாத்த வருஷமும் கணக்குல வரும். காய்ச்சல் லீவு, பிரசவ லீவு, இன்னும் என்னென்ன எழவு லீவு இருக்கோ அத்தனையும் உண்டு. இப்ப சந்தோஷம்தானே?"

எழுந்து போய்விட்டார். அவர் கதவை அறைந்த சத்தம் சுவா வரைக்கும் கேட்டது.

லோசலினி செமியைப் பார்த்தாள். "பிரசவ லீவு உண்டுன்னா சொன்னார்?"

"அப்படித்தான் என் காதுலயும் விழுந்துச்சு."

"சம்பளத்தோட!"

அப்பாடா! மாசக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. செமி தன் சட்டை நுனியாலேயே துடைத்துவிட்டான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரையில் கிளெனிஸ் இன்னும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாளே!

"என் மேல உங்களுக்குக் கோவம் தீரலை, இல்ல? லிதியாகிட்ட நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது."

"லிதியாவா? அது யாரு?"

"லேபர் ஆபீஸ்ல இருக்கற எங்க சொந்தக்காரப் பொண்ணு. அவதானே..."

கிளெனிஸ் கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடி பைத்தியமே, ரெண்டு மாசமா கேமராவைத் தூக்கி வெச்சு மூஞ்சியை மட்டும் காட்டினா எனக்குத் தெரியாதா? நான் மூணு பெத்தவ. உன்னை முறைப்படி வேலைல சேக்கலாம்னு மர்ரேகிட்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். இந்த மனுஷன் பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டார், அரசாங்கம் சொன்னாத்தான் கேப்பார்."

"அதனால?"

"அதனால, எங்க கம்பெனி மேல நானே புகார் எழுதிப் போட்டேன்."