வண்டிப்பாதை

அவள் வந்து சேர்ந்தபோது பாடை தோளிலேயே நின்றுகொண்டிருந்தது.

தூக்கிய பாடையை வீட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

பறை ஓய்ந்துவிட்டது.

எதிரே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்காரர். அவருக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், சுடுகாடு.

பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். அதுதான் வழக்கம். அவளும் அங்கேதான் நின்றிருந்தாள். பாடையை மறித்துவிட்டார்கள் என்று சேதி வந்ததும் நடந்து வந்துவிட்டாள். காலையிலிருந்து அழுத அழுகை வழியிலேயே வற்றிவிட்டது. இப்போது கோபம்தான் இருந்தது.

"எம்பட பட்டா நெலமுங்க இது. ஓடையில எறங்கிச் சுத்திப் போங்க" என்றார் தோட்டத்துக்காரர்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர்.

தைக்குப் பிறகு போட்ட வேலி. பக்கத்து நிலத்தை வாங்கிய தோட்டத்துக்காரர் சுடுகாட்டுத் தடத்தையும் சேர்த்து வளைத்துக்கொண்டார். அதை எடுக்கச் சொல்லி அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். சர்வே நம்பர் கொண்டு வா என்றார்கள். நம்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இங்கேதான் என்றார்கள்.

வேலி வந்த பிறகு காலனியில் விழுந்த முதல் சாவு அவருடையது.

அவள் போனை எடுத்தாள்.

எல்லோரும் பார்த்தார்கள். சாவுக்கு வந்த இடத்தில் போனா என்று பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார். அவர் கையில் கொள்ளிச்சட்டி. மகன் இல்லாத வீடு, தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று காலையிலேயே பேசி முடித்திருந்தார்கள். மகளிடம் யாரும் கேட்கவில்லை.

நிலப் பதிவுகளைத் தேடித் தரும் ஏஐ. அதற்கு நம்பர் வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.

ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஓடையைச் சொன்னாள். ஓடைக் கரையிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் தடம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாள்.

திரையில் வட்டம் சுற்றியது.

சட்டியிலிருந்து புகை எழுந்துகொண்டே இருந்தது.

பதில் வந்ததும் சத்தத்தைக் கூட்டினாள். போன் சர்வே நம்பரை வாசித்தது. பிறகு வாசித்தது:

"அரசு புறம்போக்கு. வண்டிப்பாதை. தனியார் பட்டா இல்லை."

அப்பா நடந்து கிடைக்காத நம்பர். பாடையில் படுத்த பிறகு கிடைத்தது.

போன் அதோடு விடவில்லை. "இந்தத் தகவலை வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளவும்" என்றது.

தோட்டத்துக்காரர் சிரித்தார்.

"அதே சொல்லுது பாரு. போயி சரிபாத்துட்டு வா."

"நீங்க போயிப் பாருங்க. எங்கப்பன் மொதல்ல போகட்டும்."

போனை இடுப்பில் செருகினாள். கல்தூணில் முறுக்கியிருந்த கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை.

"நகரு கண்ணு, கையைக் கிழிச்சுப்போடும்."

சித்தப்பாதான். சட்டியை அவள் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். அடுத்த தூணுக்கு இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள்.

தோட்டத்துக்காரர் சத்தம் போட்டார். பறை அதைவிடச் சத்தமாக ஆரம்பித்தது.

கம்பி விழுந்தது.

சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சட்டிக்குக் கை நீட்டினார். நீ தெருமுக்குக்குப் போ என்று கண்ணாலேயே சொன்னார்.

அவள் சட்டியைக் கொடுக்கவில்லை.

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் பாடைக்கு முன்னால் போனாள். விழுந்து கிடந்த கம்பியைத் தாண்டிக் காலை வைத்தாள்.

இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை.