பத்தரை மணி ட்ரிப்

பேனல் ரூமில் இருந்தவர்கள்: ஜவுளிக்கடை முதலாளி வைத்திலிங்கம், சிதம்பரத்திலிருந்து வந்த எலக்ட்ரீசியன் ராஜவேல், மூன்றாவது மாடியில் துணி தேய்க்கும் மாலதி, அப்புறம் குற்றவாளி. குற்றவாளி ஒயர் சுற்றி மேசைமேல் கிடந்தது. மாலதியின் அயர்ன் பாக்ஸ்.

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த நாளிலிருந்து இதே கூத்து. காலை பத்தரைக்கு நாலு மாடியிலும் கரண்ட் போய்விடும். புடவை எடுக்க வந்த கூட்டம் இருட்டில் நின்று பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடும்.

“எங்கயோ கரண்ட் தப்பிப் பூமிக்கு ஒழுகுது மொதலாளி. அதான் மெயின் ஸ்விட்ச் ட்ரிப் ஆயி தன்னால விழுது. ஆனா இந்த அயர்ன் பாக்ஸ்ல ஒண்ணுமில்ல, கசிவு பாக்குற மெகர் மீட்டர வச்சிப் பாத்துட்டேன்” என்றான் ராஜவேல்.

“பத்தரைக்குத்தான் இவ தேய்க்க ஆரம்பிக்கிறா. பத்தரைக்குத்தான் விழுது. இதுக்கு மெகரு வேறயா?” வைத்திலிங்கம் பூக்கடைப் பையைக் கை மாற்றிப் பிடித்தார். அது சொட்டி வேட்டியெல்லாம் ஈரம்.

ராஜவேல் ஒவ்வொரு மாடியாக ஸ்விட்சைப் போட்டான். மணி பத்தரையைத் தாண்டியது. எதுவும் விழவில்லை.

“பாத்தியா? பொட்டியப் புடுங்குனதும் சரியாப்போச்சி! மாலதி, நாளையிலேர்ந்து நீ வர வாணாம்.”

“மொதலாளி, பதினோரு வருசமா தேய்க்கிறேன்...”

“தேச்ச, என் யாவாரத்த. இந்தக் கூத்துல பூசைக்கு வேற லேட்டாச்சி.” அவர் மேலே தன் அறைக்குப் போனார்.

மாலதி டிபன் பையை எடுத்தாள்.

டப்பென்று மெயின் விழுந்தது.

“எவன்டா அயர்ன் பாக்ஸ சொருவுனது?” மேலிருந்து சத்தம்.

மாலதி அயர்ன் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள். ராஜவேல் டார்ச்சோடு பின்னால் ஓடினான்.

அறைச் சுவரில் சாமி படம். புது மாலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக, கீழே சீரியல் விளக்கு செருகியிருந்த பிளக் பாயிண்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆடி யாவாரம் நல்லா போவணும்னு தெனம் பத்தரைக்கு ஒரு மாலை போடறேன்டா...” வைத்திலிங்கத்தின் குரல் உள்ளே போய்விட்டது.

ராஜவேல் அவரை வெளியே கூட்டிவந்து, அறைச் சாவியை மாலதியிடம் நீட்டினான். “இது காயுற வரைக்கும் உள்ள யாரும் போவக் கூடாதுக்கா. முக்கியமா இவரு.”

அவர் முதுகுக்குப் பின்னால் மாலதி கதவைச் சாத்திப் பூட்டினாள்.

“நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும் மொதலாளி?”