வீட்டுக்கு வந்த டைப்ரைட்டர்

"மனுஷனா அந்த மானேஜர்? ஒரு பொம்பளையை இப்படியா வதைப்பான்!"

மனைவியின் வீங்கிய விரல்களில் தைலத்தைத் தேய்த்தபடியே பொருமினார் பள்ளி ஆசிரியரான லாசரஸ்.

மெட்டில்டா மேஜைமேல் இருந்த டைப்ரைட்டரைப் பார்த்தாள். 'உங்கள் வசதியை முன்னிட்டு, இனி வீட்டிலிருந்தே டைப் செய்து அனுப்பலாம்' என்ற குறிப்புடன் கம்பெனியின் டைப்ரைட்டர் தாம்பரத்து வீட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஆபீஸில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்டென்சில் அடித்தவளுக்கு இங்கே ஆறு அடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பால்காரி அழைப்பாள், அடுப்பு அழைக்கும். ஸ்டென்சிலுக்கு ரிப்பன் கிடையாது; மெழுகுத்தாளில் எழுத்து மையில்லாத வெறும் தடமாகத்தான் விழும். எழுந்து போய் வந்தால் விட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. தாள் பாழாகும்.

"கதவைத் தட்டினாலே நெஞ்சு படபடங்குது. ரயில்ல நாலு பேரோட சிரிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு! திங்கட்கிழமை என் சீட்டுல புதுப் பொண்ணைப் போடறாங்களாம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஜெயசீலி சொல்லி அனுப்பியிருக்கா. அப்புறம் எனக்கு அங்கே இடமே இருக்காது. இன்னிக்கே போய்க் கேட்டுடறேன்."

"வேண்டாம் மெட்டி. அந்த ஆள் உன்னை அவமானப்படுத்துவான். நானே ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கறேன்."

"நீங்க போனா சண்டைதான் வரும்."

அவர் பள்ளிக்குப் புறப்பட்டதும் அவள் ரயிலேறினாள்.

மானேஜர் பத்ரிநாராயணன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கம்மா. உடம்பு தேவலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். என் பழைய சீட்டு எனக்கு வேணும். என்னை ஒரு வார்த்தை கேட்காம ஏன் சார் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

அவர் திகைத்தார். ஃபைலைப் புரட்டி, ஒரு கடிதத்தை எடுத்து அவள் முன் வைத்தார்.

'என் மனைவிக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சார்பாக வேண்டிக்கொள்கிறேன்...'

கையெழுத்து லாசரஸுடையது.

"எனக்கு மனசே இல்லைம்மா. உங்களை மாதிரி அடிக்க இங்கே யார் இருக்கா? நேத்துகூட உங்க வீட்டுக்காரர் வந்து, இதையே நிரந்தரமாக்கிடுங்கன்னார். மத்தியானம் ஸ்கூல்லேருந்து வந்தா சாப்பாடு சுடச்சுடக் கிடைக்குதாம். 'உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."