ஒரு புள்ளி வித்தியாசம்

லினக்ஸ் கணினியில் பிறந்த பில்ட் கோப்பு ஒன்று, அதாவது மென்பொருளைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய கோப்பு, பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளக் கணினிக்குப் போனது. அங்கே மென்பொருளைக் கட்டித் தராவிட்டால் அந்தக் கோப்பையே அழித்துவிடுவார்கள்.

“மேக் அண்ணே!” என்று, தன் கட்டளைகளைப் படித்துக் கட்டும் கருவியைக் கோப்பு கூப்பிட்டது. அதே பெயரில் அந்த ஊர்க்காரர் வேறொருவர் வந்தார். முதல் வரியைப் படித்துவிட்டு விழித்தார்.

“நிபந்தனை சொல்ற ஒரு ‘இஃப்’ கூடப் புரியலையா? பேரு மட்டும்தான் மேக்கா?” என்றது கோப்பு.

“புரியும் தம்பி. இங்க அதுக்கு முன்னாடி ஒரு புள்ளி வைப்போம்.”

“புள்ளி எதுக்கு?”

“உங்க ஊர்ல ஏன் வைக்கல?”

கோப்பு பேச்சை மாற்றியது. “சரி, கட்டளை வரியை எப்படி ஆரம்பிப்பீங்க?”

“ஒரு டேப், அதான் வரி தொடக்கத்துல கொஞ்சம் வெற்றிடம் விட்டு.”

“அட, நாங்களும்தான்!”

கோப்பு தன் ‘இஃப்’களையெல்லாம் அடித்துவிட்டு, இருவருக்கும் பொதுவான அந்த டேப் வெற்றிடத்திலிருந்து பேச ஆரம்பித்தது. மென்பொருள் கட்டி முடிந்தது; கோப்பை யாரும் அழிக்கவில்லை.