கடைசியாக எழுதியது

“இது உங்க லேப்டாப்தானா? பில் இருந்தா காட்டுங்க.”

அவள் கேட்டு முடிப்பதற்குள் முதலாளி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் படித்துப் படித்துச் சொன்ன விஷயம் அது. கொண்டு வருகிறவன்தான் கஸ்டமர். யாருடையது, எப்படிக் கைக்கு வந்தது என்று வாயே திறக்கக் கூடாது. ரிப்பேர் கடைக்கு அதுதான் தர்மம்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை. லேப்டாப்பைத் துவாலையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து வைத்திருந்தார்.

“என் பொண்ணோடதும்மா,” என்றார். “அவ இப்ப இல்ல. போன மாசம் மூணாம் தேதி... ஆக்சிடென்ட்ல...” துவாலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“டிகிரி வாங்கினா வாய் இவ்வளவு நீளுமா?” முதலாளி பல்லைக் கடித்தார். “வீட்லயே நான்தான் முதல் பட்டதாரின்னு பீத்திக்கிட்டியே, அதுக்கு இதுதான் லட்சணமா? மன்னிப்புக் கேளு.”

கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

லேப்டாப்பை ஆன் செய்தாள். கம்பெனிப் பெயர் வந்தது, அதன் கீழே புள்ளிகள் வட்டமடித்தன, திரை இருண்டது. மறுபடி பெயர், மறுபடி வட்டம், மறுபடி இருட்டு. யாரோ எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கி, அவசரத்தில் பாதியிலேயே மூடிவிட்டுப் போனதுபோல இருந்தது.

“போட்டோ எல்லாம் எடுக்கணும், இல்லையா சார்?”

“போட்டோ வேணாம்மா. அவ கடைசியா எழுதினது ஏதாவது இருக்கும். லெட்டரு, அட்ரஸு, யார்கிட்ட என்ன பேசினா... அது கிடைச்சாப் போதும்.”

பெற்ற மனசு, கடைசி வார்த்தைக்கு ஏங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் மகளுடைய ரஃப் நோட்டு ஒன்றைக்கூடப் பழைய பேப்பர்காரனுக்குப் போட விடமாட்டார்.

பென்டிரைவைச் செருகி, அதன் வழியாக இயந்திரத்தை எழுப்பிப் பார்த்தாள். எழுந்தது. ஆனால் உள்ளே டிஸ்க் இருக்கிற அடையாளமே இல்லை. அவள் பின்கழுத்தில் அவர் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.

“வருமாம்மா?”

“தெரியல சார்.”

“எப்படியாவது எடுத்துக் குடும்மா. நீயும் ஒரு பொண்ணுதானே.”

பின்மூடியைக் கழற்றி டிஸ்க்கைத் துடைத்து மாட்டினாள். மூன்றாவது முறை மாட்டியபோது மஞ்சள் ஃபோல்டர்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

“பார்த்தீங்களா, வந்துடுச்சு!” முதலாளி கைதட்டினார். அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டைக்காரருக்குப் போன் வர, வாசலுக்குப் போனார்.

கடைசியாக எழுதியதுதானே வேண்டும்? தேதிவாரியாக அடுக்கினாள். புதியது மேலே வந்து நின்றது.

அதன் தேதியைப் பார்த்தாள்: போன வாரம். திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்து அதையும் இதையும் ஒத்துப் பார்த்தாள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது.

ஃபைலைத் திறந்தாள். ஏதோ ஒரு விண்ணப்பம், ஒன்றரைப் பக்கம். படித்து முடித்ததும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“பத்து நிமிஷம். கையில கிடைச்சுடும்,” என்று வாசலில் அவர் பேசுவது கேட்டது.

முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். இவரிடம் சொல்லலாமா? சொன்னால், மற்றவர் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று தானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கு நேரம்தான் எங்கே?

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, விண்ணப்பத்தின் அடியிலிருந்த போன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் திரும்பி வராத முறையில் டிஸ்க்கை அழிக்கும் உத்தரவைக் கொடுத்தாள். நிஜமாகவா என்று திரை கேட்டது. நிஜமாகத்தான்.

ஃபோல்டர்கள் மறைந்தன.

“என்னாச்சு? என்னாச்சும்மா?” அவர் ஓடி வந்தார்.

“டிஸ்க் போயிடுச்சு சார். ஒண்ணும் மிச்சமில்ல.”

“இப்பத்தானேடி கண்ணு முன்னால தெரிஞ்சுது!” முதலாளி அலறினார்.

“தெரிஞ்சுது. போயிடுச்சு.”

வெள்ளைச் சட்டைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். “எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்... பெத்தவன் வயித்துல அடிச்சுட்டியே, நீ நல்லா இருப்பியா?” தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?” முதலாளி கதவைக் காட்டினார். “நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே!”

“நாளைக்கு என்ன சார், இப்பவே போறேன்.”

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நிற்காமல் நடந்தபடியே உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினாள். மணி வெகுநேரம் அடித்தது. “யாரு?” என்றது பயத்தில் நடுங்கும் ஓர் இளம்பெண்ணின் குரல்.

“உங்க அட்ரஸ் உங்கப்பாவுக்குக் கிடைக்கலங்க.”