நோயாளிகள் எவரும் இல்லை

"எழுதத் தெரியுமா தாயி?"

கேட்டவள் சொர்ணவல்லி. அறுபதைத் தாண்டியவள். காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கி, சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனுக் கூட்டத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு ஜெராக்ஸும் இருந்தன.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். தெரியும் என்று தலையாட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

"நீ எதுக்கு வந்திருக்க?"

"ஒரு கையெழுத்து விசயமா அக்கா. தெரியாமப் போட்டுக் குடுத்துட்டேன். இனிமே அது செல்லாதுன்னு எழுதிக் குடுக்கணும்."

சொத்துத் தகராறாக இருக்கும் என்று சொர்ணவல்லி தானே முடிவு செய்துகொண்டு, தன் கதையைத் தொடங்கினாள்.

"எங்க வார்டு கவுன்சிலர் மேல எழுது. முத்தழகுன்னு பேரு. பேர்லதான் அழகெல்லாம்."

அந்தப் பெண் ஒரு கணம் பேனாவை உதறினாள். பிறகு எழுதினாள்.

சொர்ணவல்லியின் கணவர் அரசப்பன் ஆசாரி. போன வருடம் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். உளியை அடிக்கிற மரச்சுத்தியான தன் கொட்டாப்புளியைக் கட்டிலிலேயே வைத்திருந்தார். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் வேண்டும், இரண்டு தட்டினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூன்று தட்டினால் உடனே ஓடி வர வேண்டும். வீட்டுக்குள் அதுதான் பேச்சு.

ஆவணியில் தெருவில் ஒரு காதுகுத்து. இவர்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி, ஒன்றை வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். முதல் நாளே அவள் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினாள். கவுன்சிலரின் கணவர் கோட்டைச்சாமி வாசலிலேயே நிறுத்தி, அம்மா வீட்டில் இல்லை, மூன்று நாள்தானே, நம்ம பையன்கள் விசேஷம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"உள்ள மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சு தாயி. அவ இருந்திருக்கா. அந்த இரைச்சல்ல நான் அழுதது அவளுக்குக் கேக்கல போல."

பேனா நின்றது.

"இதையும் எழுதணுமாக்கா?"

"எழுது. எல்லாத்தையும் எழுது."

மூன்றாம் நாள் மதியம் அவள் பின்கட்டு அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பந்தி போடுகிற நேரத்துக்குப் பாட்டை நிறுத்தினார்கள். தெருவே அமைதியான பிறகுதான், உள்ளேயும் சத்தமில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"போயி சேந்திருந்தாரு. கொட்டாப்புளிய விடல. சட்டத்துல நகம் இறங்குற அளவுக்குப் பள்ளம். தேக்குக் கட்டில் தாயி, அவரே செஞ்சது. அந்தச் சீக்காளிக் கை எம்புட்டு நேரம் தட்டியிருந்தா தேக்குல பள்ளம் விழும்?"

சொர்ணவல்லி ஜெராக்ஸை நீட்டினாள். ஸ்பீக்கர் அனுமதிக்காகக் கவுன்சிலர் கொடுத்த கடிதம். தகவல் உரிமைச் சட்டத்தில் தம்பி மகன் எழுதிப் போட்டு வாங்கித் தந்தது.

"என்ன போட்டிருக்குன்னு நீயே படி."

'மேற்படி தெருவில் நோயாளிகள் எவரும் இல்லை. ஒலிபெருக்கி வைக்க ஆட்சேபனை இல்லை.'

அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"வெத்து லெட்டர் பேடுல புருசமாருக மொத்தமாக் கையெழுத்து வாங்கி வச்சுக்குவாக அக்கா. என்ன வேணுமோ அதைப் பின்னாடி எழுதிக்குவாக. பொம்பளை கவுன்சிலருக நெறயப் பேரு பாடு இதுதான்."

"வெத்துத் தாளுன்னாலும் போட்டது அவ கைதான? எம் புருசனுக்கு இருந்தது ஒத்தக் கை. அதை வச்சு அவரு கடைசி வரைக்கும் கூப்புட்டாரு."

தாளின் மீது ஒரு சொட்டு விழுந்து 'கவுன்சிலர்' என்ற சொல்லின் மை கலங்கியது. அந்தப் பெண் அந்தச் சொல்லை மறுபடி தெளிவாக எழுதினாள். நஷ்டஈடு கேட்டு எழுதட்டுமா என்றாள்.

"வேணாம். அவ வந்து அந்தக் கட்டிலத் தொட்டுப் பாத்துட்டு, எம் மூஞ்சியப் பாத்து 'தப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அம்புட்டுத்தான்."

"அவளை நீங்க பாத்ததே இல்லையா?"

"எங்குட்டுப் பாத்தேன்? ஓட்டுக் கேட்டு வந்ததும் அவ புருசன். போஸ்டர்ல இருக்குறதும் அவன் மூஞ்சி."

டோக்கன் எண்ணை அழைத்தார்கள். கவுண்ட்டரில் இருந்த கீர்த்தி என்ற இளம் அலுவலர் மனுவைப் படித்துவிட்டு, சொர்ணவல்லியின் கைநாட்டை வாங்கினாள்.

"மனுவை எழுதினது யாரு? கைநாட்டு மனுன்னா எழுதினவங்களும் கீழே கையெழுத்துப் போடணும்."

மனுவை எழுதிக் கூடவே கவுண்ட்டருக்கு வந்திருந்த பெண் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு குனிந்து கையெழுத்திட்டாள்.

ஜெராக்ஸை மனுவோடு சேர்த்துக் குத்தப்போன கீர்த்தி, இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

சொர்ணவல்லிக்குக் கவலையாகிவிட்டது. "என்ன தாயி அப்புடிப் பாக்குறீக? எதுவும் தப்பா இருக்கா?"

"தப்புதான் அக்கா" என்றாள் எழுதிக் கொடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்து.

"அட போத்தா, நீ எழுதுனதுல என்ன தப்பு இருந்துறப்போகுது" என்று சொர்ணவல்லி அவள் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

கீர்த்தியின் முன்னால், கவுன்சிலரின் கடிதத்துக்கு அடியிலும் கவுன்சிலர் மீதான மனுவுக்கு அடியிலும், கொஞ்சமும் மாறாமல் ஒரே கையெழுத்து இருந்தது: கோ. முத்தழகு.