கேசட்டில் இல்லாத இருபது விநாடி

பொங்கல் விழா முடிந்த மறுநாளே சங்கத் தலைவர் திருமூர்த்தி போன் போட்டுவிட்டார். அந்தக் கிடார்காரனை உடனே கழற்றிவிட வேண்டுமாம்.

சபரிநாதனால் மறுத்துப் பேச முடியவில்லை. அமெரிக்காவில், சான்டா கிளாரா தமிழ்ச் சங்கத்துக்காக மெல்லிசைக் குழு நடத்துவது அவன்தான். கூட வேலை பார்க்கும் நெஸ்டரை அதில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

நெஸ்டர் பிலிப்பைன்ஸ்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சினிமாப் பாட்டுக் கேசட்டை இரண்டு தரம் கேட்டால் போதும், பாட்டு வரிகூட மனசில் பதிந்து இம்மி பிசகாமல் வாசித்துவிடுவார். அதற்காகவே மூன்று வருஷமாக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நம் ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? கேசட்டில் இருக்கிற மாதிரியே இருந்தால் கைதட்டுவார்கள். கொஞ்சம் மாறினால் சாம்பார் சாதத்தோடு சேர்த்துக் குழுவையும் மென்றுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனுஷர், தலைவரின் மனைவி ஷ்யாமளா பாடிக்கொண்டிருந்தபோது, சரணத்துக்கு நடுவில் இஷ்டத்துக்கு என்னமோ வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இருபது விநாடி இருக்கும். ஷ்யாமளா பாவம், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"முந்நூறு பேர் முன்னாடி என் வொய்ஃபை அசிங்கப்படுத்திட்டான். இவன் திறமையைக் காட்டறதுக்கு நம்ம மேடைதான் கிடைச்சுதா?" என்றார் திருமூர்த்தி.

திங்கட்கிழமை லஞ்சில் சபரிநாதன் நெஸ்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மென்று முழுங்கினான். சோற்றையும் மீனையும் பிசைந்துகொண்டிருந்தவர் தானாகவே ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னை நிறுத்தச் சொல்லிட்டாங்களா?"

சபரிநாதன் தலையாட்டினான். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ அலுத்துப்போன குரலில் பழைய கதையைச் சொன்னார்.

மணிலாவில் ஒரு காலத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்களாம். ரேடியோவில் அவர்கள் பாஷை, அவர்கள் மெட்டு. அப்புறம் கம்பெனிகளுக்குப் பயம் வந்துவிட்டது. புதுப் பாட்டெல்லாம் விற்காது, பழைய அமெரிக்கப் பாட்டையே திரும்பப் பாடுங்கள் என்றார்கள். அச்சு அசலாகக் காப்பியடித்தவன் பிழைத்துக்கொண்டான். சொந்தமாக எழுதியவன் விமானம் ஏறிவிட்டான்.

"நானும் இங்கே வந்து பத்து வருஷம் ஹோட்டல்ல அடுத்தவன் பாட்டைத்தான் வாசிச்சேன். இப்ப அங்கேயும் கரோக்கி மெஷின் வாங்கிட்டாங்க. உங்க மேடைதான் மிச்சம் இருந்தது."

சபரிநாதனுக்குக் கேட்காமல் விட மனசு வரவில்லை. அன்றைக்கு வாசித்தது யார் பாட்டு என்றான்.

"என்னோடதுதான். எழுபத்தொன்பதுல போட்டது." நெஸ்டர் லேசாகச் சிரித்தார். "கை தானா போயிடுச்சு சபரி. தப்புதான். அந்தம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடு."

காப்பியடிக்கிற ஊரில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று சபரிநாதன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனாலும் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்ட மாதிரி சாயங்காலம் வரைக்கும் வேலையே ஓடவில்லை.

ஆபீஸ் முடிந்ததும் விழாவுக்கு வாங்கி வந்த ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கத் தலைவர் வீட்டுக்குப் போனான். திருமூர்த்தி இன்னும் வரவில்லை. கதவைத் திறந்தது ஷ்யாமளா.

"நெஸ்டரை நிறுத்தியாச்சுங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்."

ஷ்யாமளாவின் முகம் செத்துவிட்டது. அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள்.

"மன்னிப்பா? என்கிட்டயா?"

"ஆமாங்க. உங்களை அப்படி நிக்க வெச்சுட்டாரில்ல."

"அவர் எங்க நிக்க வெச்சார்? நான்தான் நின்னுட்டேன்." அவள் குரல் இறங்கிப்போனது. "பேப்பரே பார்க்காம பாடுவாள்னு எங்க வீட்டுக்காரர் மைக்குல வேற சொல்லிட்டாருங்க. சரணத்துல ரெண்டாவது வரி எனக்குச் சுத்தமா மறந்துடுச்சு. நெஸ்டர் என் மூஞ்சியைப் பார்த்தார். உடனே வேற என்னமோ வாசிக்க ஆரம்பிச்சுட்டார். வீட்டுக்கு வந்து இவர் கத்தினப்பகூட உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரலை."

சபரிநாதன் ஸ்பீக்கரைக் கீழே வைத்தான்.

"அப்புறம் எப்படிங்க வரி ஞாபகம் வந்தது?"

ஷ்யாமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க வந்தது? தமிழே தெரியாத அந்த மனுஷன்தான் வாசிச்சுக்கிட்டே வாயசைச்சு, வரியை எடுத்துக் கொடுத்தார்."